பேங்க் லோன் கிடைத்துவிட்டால் அது நல்ல ஏரியாவா?

"சார், பேங்க்கே லோன் குடுத்திருக்கு. ஏரியா சரியில்லேன்னா குடுப்பாங்களா?"

இந்த மழைக்காலத்தில் மட்டும் நான்காவது முறையாக இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. இந்த முறை கேட்டவர் தன் வீட்டு ஹாலில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டார். ஃப்ரிட்ஜ் இரண்டு நாற்காலிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அரிசி டிரம் சமையல் மேடையில். என்னைக் கூப்பிட்டது தண்ணீருக்காக இல்லை. "சுவர்ல ஓதம் ஏறுது, எந்த பெயின்ட் அடிச்சா நிக்கும்னு சொல்லுங்க" என்றுதான் போன் செய்திருந்தார்கள்.

தண்டையார்பேட்டையில் பன்னிரண்டு வருடம் வாடகைக்கு இருந்த குடும்பம். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, அந்த அம்மா ராயபுரத்தில் டீச்சர். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாதவரத்தைத் தாண்டி வடபெரும்பாக்கம் பக்கம் போய் வீட்டைப் பார்த்தார்கள். அடுத்த வாரமே அட்வான்ஸ். ஆடி பிறப்பதற்குள் கிரயம். ஐப்பசியில் சம்ப், அதாவது தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே செப்டிக் டேங்க் தண்ணீர்.

நான் வங்கிகளுக்கு வீடு, மனை மதிப்பீடு செய்து கொடுக்கும் சிவில் இன்ஜினியர். உங்கள் லோன் ஃபைலில் இருக்கிறதே ஒரு வேல்யுவேஷன் ரிப்போர்ட், அதை எழுதும் ஆள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்புங்கள்.

பேங்க் எனக்குக் கொடுக்கும் படிவத்தில், இடத்தின் தன்மை என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி இருக்கும்: அடிக்கடி வெள்ளம் சூழ வாய்ப்பு உண்டா? அதற்கு மேல் வரி சுற்றுப்புறம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது. கீழ் வரி பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப், மார்க்கெட். வெள்ளத்துக்கு அந்த ஒரு வரிதான். ஏப்ரலில் இடம் பார்க்கப் போகும் மதிப்பீட்டாளர் அதில் "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த சைட்டுக்குக் கிளம்புவார். நான் விசாரித்துவிட்டு "உண்டு" என்று எழுதினால் என்ன ஆகும்? மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடுவேன். லோன் கிடைத்துவிடும். அந்த ரிப்போர்ட் பேங்க்குக்குப் போகும். பெரும்பாலும் அது உங்கள் கண்ணில் படவே படாது.

ஏன் கிடைக்கிறது என்று கேளுங்கள். 60 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 48 லட்சம் அவர்களுடையது, 12 லட்சம் உங்களுடையது. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று போகும் 9 சதவீதம் தனி. நாளைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் நின்று, டி.வி.யில் காட்டி, வீட்டின் விலை 50 லட்சமாக இறங்கினாலும் பேங்க் போட்ட 48 பத்திரமாக இருக்கும். கரைவது உங்கள் 12-இலிருந்து 10. போதாததற்கு உங்கள் சம்பளச் சீட்டு அவர்கள் கையில் இருக்கிறது. நீங்கள் தண்ணீரில் நின்றாலும் ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. போய்விடும். பேங்க் பார்ப்பது கொடுத்த பணம் திரும்பி வருமா என்பதை. நீங்கள் அங்கே நிம்மதியாகத் தூங்குவீர்களா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. அது உங்கள் வேலை.

லீகல் ஒப்பீனியனும் அப்படித்தான். வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் பார்த்து "சொத்து சுத்தமாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுப்பார். சுத்தம் என்பது பத்திரத்துக்கு. தெருவுக்கு இல்லை.

"சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு சார்" என்பார்கள் அடுத்து. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி. நல்லது, அது இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தாழ்வான இடத்தில் மனைப்பிரிவு போட நீர்வளத் துறையிடம் தடையின்மைக் கடிதம் வாங்க வேண்டும். இடத்தை எந்த மட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் நிபந்தனை இருக்கும். விற்பவரிடம் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மூன்றடி, நான்கடி உயர்த்தச் சொல்லியிருந்தால், அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அப்புறம் நிஜமாகவே அவ்வளவு கொட்டினார்களா, கொட்டியது கிராவலா இல்லை இடித்த கட்டடத்து ரப்பிஷா என்று பாருங்கள். (நான் பார்த்த ஒரு மனையில் தோண்டத் தோண்ட உடைந்த டைல்ஸ்தான் வந்தது.) ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இதே கதைதான். திட்டத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதற்கு அது அத்தாட்சி. தண்ணீர் வராது என்பதற்கு இல்லை.

வட சென்னையில் நமக்கு வெள்ளத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. புழல் ஏரி நிரம்பினால் திறந்துவிடும் உபரிநீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், சடையன்குப்பம் வழியாக எண்ணூர்ப் பக்கம் போகிறது. பூண்டி ஏரியில் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வந்து அதுவும் எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டுக்கும் கடைசி வாசல் ஒன்றே. கடல் ஏற்றமாக இருந்தால் அந்த வாசலும் தண்ணீரை வாங்காது, பின்னால் தள்ளும். மணலி புதுநகர் 2015, 2021, 2023 என்று மூன்று முறை மூழ்கியது இப்படித்தான். அங்கே மழை பெய்யக்கூட வேண்டாம், பூண்டியில் ஷட்டரைத் தூக்கினால் போதும். "எங்க தெருவுல மழை நின்னு ரெண்டு நாள் ஆச்சு, இப்ப எப்படி சார் தண்ணி வருது?" என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

இதைப் படித்துவிட்டு "வட சென்னையே வேண்டாம்" என்று கிளம்புகிறவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. நான் பிறந்ததே இங்கேதான். தெற்கே வேளச்சேரியில் ஏரிக்குள்ளும் பள்ளிக்கரணையில் சதுப்புக்குள்ளும் வீடு வாங்கியவர்கள் வட சென்னையைப் பார்த்து மூக்கைப் பிடிப்பது வேடிக்கை. இங்கே ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு கதை மாறும். திருவொற்றியூரில் தேரடி, கோயில் பக்கம் மணல் பூமி. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். அதே திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே போங்கள், வேறு ஊர். பெரம்பூரில் பழைய தெருக்களும், கொளத்தூரில் இரட்டை ஏரியை ஒட்டிப் பிறகு முளைத்த நகர்களும் ஒன்றாகுமா? ஏரியா பெயரை வைத்து முடிவு செய்வதும் தப்பு, ஏரியா பெயரை வைத்து ஒதுக்குவதும் தப்பு.

மெட்ரோ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்ததே, அது வந்த மெட்ரோ. அதை நம்பி வீடு வாங்கலாம். மாதவரத்திலிருந்து வரப்போகும் மெட்ரோவுக்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் பார்ப்பவர்கள் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயில் அட்டவணையை முதலில் பாருங்கள். தாம்பரம் மார்க்கம் மாதிரி அடுத்தடுத்து வண்டி கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? இடத்தை மழையில் பாருங்கள். முடியவில்லையா, மழைத் தடத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவரில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். ஈ.பி. மீட்டர் பெட்டியை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் அது தலைக்கு மேலே இருந்தால் சும்மா மாட்டியிருக்க மாட்டார்கள். பழைய வீடுகளுக்குள் படி ஏறிப் போகிறார்களா, இறங்கிப் போகிறார்களா?

புரோக்கரிடம் கேட்காதீர்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம், பால் போடுபவரிடம், பெட்டிக்கடையில் கேளுங்கள். போன மாதம் ஒரு பெட்டிக்கடை ஆயா என்னிடம் சொன்னது: "அதுவாப்பா? அது தாங்கல். நாங்க மாடு குளிப்பாட்டின எடம்." தாங்கல் என்றால் சின்ன ஏரி. விற்பனைப் பிரசுரத்தில் அந்த இடத்துக்கு 'கார்டன்' என்று பெயர். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்வது) புல வரைபடத்தையும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டுவது) எடுத்து, உங்கள் சர்வே எண்ணை ஒட்டி வாய்க்கால், ஓடை, ஏரிப் புறம்போக்கு ஏதாவது போகிறதா என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் தள்ளிப் பார்க்கலாம். காசு செலவே இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு ஒரு தரம் போய் நில்லுங்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையும் மணலி தொழிற்சாலை வாடையும் காற்று திரும்பும்போதுதான் தெரியும்; பகலில் ஏசி காரில் வந்து பார்த்தால் தெரியாது. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்ததும், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் தினமும் கேன் தண்ணீர்தான். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, இல்லை செப்டிக் டேங்க்கைக் காலி செய்ய லாரி கூப்பிட வேண்டுமா என்பதையும் கேளுங்கள். அந்த டீச்சர் வீட்டில் இதைக் கேட்காததால்தான் சம்ப் கெட்டது.

போன வாரம் இன்னொரு ஜோடி சாங்ஷன் லெட்டரோடு வந்தார்கள். இன்னும் கிரயம் ஆகவில்லை. "லோன் வந்துருச்சு அண்ணா, நீங்க ஒரு தரம் வந்து பார்த்தா போதும்" என்றது அந்தப் பெண். நான் வரவில்லை, மழை பிடித்ததும் நீங்களே போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு போன் வந்தது. பின்னால் மழைச் சத்தம்.

"அண்ணா, மெயின் ரோட்லயே நிக்கிறோம். ஆட்டோக்காரர் உள்ள வரமாட்டேங்கிறார்."

"அவர் எந்த ஊராம்?"

"இதே ஏரியாதானாம்."