ஹசார்ட் போட்டால் நோ பார்க்கிங்கில் நிறுத்தலாமா?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டீக்கடை வாசலில் ஒரு கார் நாலு இண்டிகேட்டரும் மின்ன நிற்கும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். கேட்டால், "பார்க்கிங் லைட் போட்டிருக்கேன்ல சார், ரெண்டே நிமிஷம்" என்பார் கார்க்காரர்.

வம்பே அந்தப் பெயரில்தான். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பார்க்கிங் லைட் என்று சொல்வது வேறு விளக்கு: நிறுத்திய வண்டி இருட்டில் தெரிவதற்காக மின்னாமல் எரிவது. சிவப்பு முக்கோணப் பொத்தானை அமுக்கினால் வருவது ஹசார்ட். வண்டி நகர முடியாமல் நிற்கிறது, பார்த்து வா என்பதுதான் அதற்கு அர்த்தம். டீ குடிக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 122, அடுத்தவருக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விட்டுச் செல்லவோ நிறுத்தி வைக்கவோ கூடாது என்கிறது. மீறினால் பிரிவு 177-ன்படி முதல் முறை ரூ.500 வரை, அடுத்த முறை ரூ.1,500 வரை அபராதம். விளக்கு மின்னியதா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இழுத்துக்கொண்டு போனால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் (பிரிவு 127).

நிஜமாகவே பழுதாகி நின்றால் கதை வேறு. போக்குவரத்தை மறித்து நிற்கும் வண்டிக்குப் பிரிவு 201-ன்படி ரூ.500 வரை அபராதம் உண்டு. ஆனால் எதிர்பாராத பழுது, வண்டியை அகற்றும் வேலையும் நடக்கிறது என்றால் அது கிடையாது. எனவே ஓரங்கட்டி, ஹசார்ட் போட்டு, டிக்கியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள், சென்னை போக்குவரத்துப் போலீஸின் 103-க்குச் சொல்லுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நாலு கல்லும் ஒரு மரக்கிளையும் வைப்பார்களே, அது முக்கோணம் இல்லாத குறைக்கு. வண்டி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். ராத்திரி பைக்கில் வருகிறவர் பாடு திண்டாட்டம்.

ஓடும் வண்டியில் ஹசார்ட் போடுவது இன்னும் மோசம். மூலக்கடை சந்திப்பில் 'நேராகப் போகிறேன்' என்று சொல்ல நாலையும் போடுகிறார்கள். இடப்பக்கம் வரும் பைக்காரர் கண்ணுக்குப் படுவது இடது விளக்கு மட்டும்தான். வண்டி திரும்பப் போகிறது என்று பிரேக் பிடிப்பார். நேராகப் போக எந்த சிக்னலும் வேண்டாம். மழையில் ஹெட்லைட்டை டிம்மில் போட்டு மெதுவாகப் போனால் போதும். நாலும் மின்னிக்கொண்டிருந்தால் நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்?