லேசருக்கு முன் பூசும் க்ரீம் எதுவரை போகும்?

பருத் தழும்புக்கு லேசர் செய்துகொள்ளப் போகும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாலு வாரம் ராத்திரியில் க்ரீம் பூசிவிட்டு வரச் சொல்கிறார் டாக்டர். எரிக்கப் போகிற தோலுக்கு எதற்கு மருந்து?"

நியாயமான கேள்வி. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்த ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். செல்லுக்குள் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் பட்ட இடம் ஆவியாகிவிடும். நம் மாநிறத் தோலில் அந்தக் காயத்தின் அழற்சி நிறமிச் செல்களை உசுப்பிவிட்டு, தழும்பு இருந்த இடத்தில் கருமை வந்து உட்காரலாம். அதைத் தடுக்கத்தான் க்ரீம். அதில் இருக்கும் ஹைட்ரோகுவினோன், தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியை மட்டுப்படுத்தும்; டிரெட்டினாயின் புதுச் செல்கள் மேலே வரும் வேகத்தைக் கூட்டும்.

சரி, மேல்தோல் போனபின் புதுத் தோல் எங்கிருந்து வருகிறது? மயிர்க்கால்களிலிருந்து! முகம் முழுக்கப் பூனைமுடி இருக்கிறதல்லவா, அந்த ஒவ்வொரு முடியும் ஆழமான ஒரு குழிக்குள் நிற்கிறது. குழியின் சுவர் மேல்தோலின் தொடர்ச்சியே. லேசர் அதன் அடிவரை போவதில்லை. அங்கே தங்கியிருக்கும், புதுச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் பெருகி, ஏறி வந்து, குழியின் வாயிலிருந்து நாலாபக்கமும் படர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். களைக்கொத்தியால் செதுக்கிய அருகம்புல் வேரிலிருந்து துளிர்த்துத் தரையை மூடுமே, அப்படி. கழுத்தில் இந்தக் குழிகள் குறைவு. அதனால்தான் அங்கே லேசரைப் பயந்து பயந்து பயன்படுத்துகிறார்கள்.

நிறமிச் செல்களும் இதே குழியிலிருந்துதான் கூடவே ஏறி வருகின்றன. க்ரீம் வேலை செய்ததோ பெரும்பாலும் மேலே இருந்தவற்றின் மீது. அவை லேசரோடு போய்விட்டன. 1999-ல் வெஸ்ட், ஆல்ஸ்டர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 100 பேரிடம் இதைப் பார்த்தார்கள். பூசி வந்தவர்களுக்கும் பூசாதவர்களுக்கும் பின்னால் வந்த கருமையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அதற்காக ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அது மேல்தோலை மொத்தமாக எடுத்த காலத்து ஆய்வு. 2004-க்குப் பிறகு பரவிய ஃபிராக்‌ஷனல் லேசர் ஊசி குத்தினாற்போல் நுண்துளைகள் மட்டுமே போடுகிறது. நடுவில் க்ரீம் பட்ட தோல் அப்படியே இருக்கும். அதன் செல்கள்தான் நகர்ந்து வந்து துளையை மூடுகின்றன. பழைய முடிவை இதற்கு அப்படியே பொருத்த முடியாது. மாநிறத் தோலில் இதைப் பெரிய அளவில் சோதிக்க அரசுதான் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். க்ரீம் தேவையில்லை என்று முடிவு வரக்கூடிய ஆய்வுக்கு, அதை விற்பவர்கள் ஏன் செலவழிக்கப் போகிறார்கள்?

அப்புறம், ஒரு வேண்டுகோள். ஸ்டீராய்டு கலந்த முகக் க்ரீமை நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் பூசாதீர்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். முன்பு பூசியிருந்தால் லேசருக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெயிலில் கறுத்த முகத்தோடும் போகாதீர்கள். சன்ஸ்கிரீனை இன்றிலிருந்தே தொடங்கலாம்.