சோலார் மானியத்தைத் திட்டுவதற்கு முன்னால் கணக்கைப் பிரியுங்கள்

"சோலாருக்கு அள்ளிக் கொடுக்கிற மானியம்தான் நம்ம கரண்ட் பில்லுல வந்து விழுது." தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை எந்த டீக்கடையிலும் இது காதில் விழும். மேடையில் மைக் பிடித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இதைக் கேட்டு, அவசியம் போட வேண்டிய வீட்டுக்காரர் போடாமல் இருக்கிறார். போடவே தேவையில்லாதவர் 'அரசாங்கப் பணம்தானே' என்று கடன் வாங்கிப் போட்டுவிட்டுப் புலம்புகிறார். இரண்டு ரகப் புலம்பலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

குழப்பம் எங்கே என்றால், மூன்று தனித்தனிப் பணத்துக்கு 'மானியம்' என்று ஒரே பெயர் வைத்துப் பேசுகிறார்கள்.

முதலாவது, கூரையில் பேனல் போடக் கொடுக்கும் உதவி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசு ஒதுக்கியிருக்கிறது. இது வரிப்பணம், ஒரே ஒரு முறை தருவது. உங்கள் மின்கட்டண அட்டையில் இதற்காக ஒரு பைசா கூட ஏறவில்லை. வரிப்பணத்தை இதற்குச் செலவழிக்கலாமா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. பில்லில் விழுகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, பெரிய சோலார் நிலையங்களிடம் மின்சாரம் வாங்கப் போடும் ஒப்பந்தம். இது நிச்சயமாகப் பில்லில் ஏறும். கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 2015இல் யூனிட் 7.01 ரூபாய் என்று 25 ஆண்டுகளுக்குக் கையெழுத்தானது. எதிர்க்கட்சிகள் அன்றே கேள்வி கேட்டன. இரண்டே ஆண்டு கழித்து, 2017இல் தமிழ்நாடு விட்ட டெண்டரில் 3.47 ரூபாய்க்கு வந்தது. ஜெர்மனியும் இதே பள்ளத்தில்தான் விழுந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 ஆண்டுகளுக்கு விலையை உறுதி செய்தார்கள். அதற்கான கூடுதல் கட்டணம் 2017இல் யூனிட்டுக்கு 6.88 யூரோ சென்ட் வரை போனது. 2022 ஜூலையில் அதைப் பில்லிலிருந்தே எடுத்துவிட்டு அரசு நிதியில் சேர்த்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு விலை விழுகிற பொருளுக்கு, உச்ச விலையில் கால் நூற்றாண்டு ஒப்பந்தம் போட்டால் இப்படித்தான் ஆகும். திட்ட வேண்டியது ஒப்பந்தம் போட்ட நேரத்தையும் முறையையும்.

மூன்றாவது, சோலார் போட்ட வீட்டுக்காக மற்றவர்கள் சுமக்கும் செலவு. இதை மேடையில் யாரும் தொடுவதில்லை. நெட் மீட்டர், அதாவது கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துக் கணக்குப் பார்க்கும் மீட்டர், வைத்த வீடு பகலில் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு ராத்திரி திரும்ப எடுக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் தேவை எகிறும் நேரத்தில் சந்தை விலையும் எகிறும். மின்வாரியம் உச்சவரம்பான 10 ரூபாய்க்கே வாங்க வேண்டிய நாட்களும் உண்டு. முதலில் சோலார் போடுவதோ ஏ.சி. ஓட்டி அதிக யூனிட் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த வீடுகள். அவர்கள் விலகினாலும் கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், அனல் நிலையங்களுக்குக் கட்டும் நிலைக்கட்டணம் எதுவும் குறையாது. மிச்சமிருப்பவர்கள் தலையில்தான் இறங்கும். எதிர்ப்பவர்கள் கையில் இருக்கும் வலுவான வாதமே இதுதான்.

'மானியமே கூடாது' என்று பேசும் மிராசுதார்களே, உங்கள் மோட்டார் எதில் ஓடுகிறது? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த இலவச மின்சாரத்துக்கு மாநில அரசு வருஷா வருஷம் பணம் கட்டுகிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. கணக்கு என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு.

டெல்டாவில் உண்மையிலேயே வீணாகும் மானியம் ஒன்று உண்டென்றால் அது பொருந்தாத இடத்தில் வைத்த சோலார் பம்ப்செட். பி.எம். குசும் திட்டத்தில் ஒன்றிய அரசு 30, மாநிலம் 30, விவசாயி 40 சதவீதம் என்பது அடிப்படைப் பங்கு. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். 5 எச்.பி. மோட்டாருக்கு 4,800 வாட் பேனல். மேட்டூர் ஜூன் 12இல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த மோட்டாருக்கு வேலை குறைவு. சம்பாவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. அப்போது வெயிலும் இல்லை, இறைக்கவும் வேண்டாம். ஏற்கெனவே இலவச இணைப்பு உள்ளவர் இதற்கு 40 சதவீதம் கையிலிருந்து போடுவது வீண். கம்பி வராத திடலில் காய்கறி, பூ, கோடை உளுந்து போடுபவருக்கு அருமையான சாதனம். கடலோர ஒன்றியங்களில் இன்னொரு ஆபத்து: செலவில்லையே என்று நாள் முழுக்க இறைத்தால் போர்வெல்லில் உப்பு ஏறும்.

வீட்டுக்காரர்களுக்கு: இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடுகிறதா? உங்கள் பில்லே 250 ரூபாய்க்குள்தான் இருக்கும், சோலாரை மறந்துவிடுங்கள். 500ஐத் தாண்டுபவர்கள் 3 கிலோவாட் யோசிக்கலாம். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்தில் சுமார் 700 வரும்; 300 சதுர அடி வெயில் படும் தளம் வேண்டும். தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே குறையும். மரத்தை வெட்ட மனமில்லாவிட்டால் பேனலை நகர்த்துங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பேனலைத் தாங்கும் சட்டம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி முலாம் பூசியதாக, 80 மைக்ரான் கனத்தில் இருக்கட்டும். போல்ட் துருப்பிடிக்காத எஃகு. 2018இல் கஜா அடித்த ஊரில் தளத்தின் மேல் செங்கல் வைத்து நிறுத்தும் வேலையை அனுமதிக்காதீர்கள். பேனல் பக்கம், இன்வெர்ட்டர் பக்கம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த். "கரண்ட் போனா சோலாரும் நின்னுடுதே" என்று சண்டைக்கு வராதீர்கள், பேட்டரி இல்லாத அமைப்பு நின்றுதான் ஆக வேண்டும். நிற்காவிட்டால் உங்கள் மின்சாரம் லைனில் ஏறும். லைனில் ஏறி வேலை செய்யும் வயர்மேன் உயிரோடு இறங்கணும் இல்லையா?

மானியம் வேலை முடிந்து, சரிபார்த்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். 'கழித்துக்கொள்கிறோம்' என்று சொல்லி யார் வாங்கினாலும் கொடுக்காதீர்கள். போடுவது திட்டத்தின் பட்டியலில் உள்ள நிறுவனமா, பேனலுக்குள் இருக்கும் செல் இந்தியாவில் செய்ததா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மானியமே கிடையாது. தயவுசெய்து இதையும் கேளுங்கள்: இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழும் வீட்டுவரி ரசீதும் எடுத்துக்கொண்டு போய் முதலில் பெயரை மாற்றுங்கள். பேனலை ஏற்றிவிட்டு அதற்கப்புறம் அலுவலகம் அலுவலகமாக அலையாதீர்கள்.