எந்த மாதத்திலிருந்து கணக்கு? தேர்தல் வாதங்கள் பற்றி ஒரு கணக்காளர்

2024 ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும், யாழ்ப்பாணத்தில் என்னுடைய சின்ன அலுவலகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கணக்குக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு ஜனாதிபதித் தேர்தலைத்தான் பேசினார்கள். செப்டெம்பர் 21 வாக்களிப்பு. 2022 ஜூலையில் பாராளுமன்றத்தில் 134 வாக்குகளால் தெரிவான ரணில் விக்கிரமசிங்க, தன்னுடைய இரண்டு வருட ஆட்சிக் கணக்கை அப்போதுதான் முதல்முறையாகப் பொதுமக்கள் முன்னால் வைத்தார்.

ஒரு நாள் மிளகாய் மில் நடத்துகிற ஒருவரும், மகளின் வரிக் கோப்புக்காக வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் ஒரே நேரத்தில் என் முன்னால் இருந்தார்கள். "பெற்றோல் லைன்ல ரெண்டு நாள் காய்ஞ்சது மறந்துபோச்சோ மாஸ்டர்? அந்த மனுசன்தானே அதை நிப்பாட்டினது" என்றார் மில்காரர். "லைன் நிண்டது சரி. என்ர மகளின்ர சம்பளத்திலை மாசாமாசம் வெட்டுறதை ஆர் நிப்பாட்டுறது?" என்றார் மாஸ்டர்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஆனால் ஒருவர் 2022 நடுப்பகுதியிலிருந்து கணக்குப் பார்க்கிறார், மற்றவர் அதற்கு முந்தைய நல்ல மாதத்திலிருந்து பார்க்கிறார், அதனால்தான் அரை மணித்தியாலம் பேசியும் ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவில்லை. எங்கள் தொழிலில் முதல் பாடமே ஆரம்ப மீதிதான். ஒரு கடைக்குப் புது முகாமையாளர் வந்தால் அன்றைக்கே சரக்கையும் காசையும் கடனையும் எண்ணி எழுதிவிடுவோம். எழுதாவிட்டால் பழையவர் வைத்த குறை புதியவரின் தலையில் விழும், இல்லையென்றால் புதியவர் செய்த நட்டம் பழையவரின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஜனாதிபதியின் கணக்குக்கும் இதுதான் வழி.

சரி, ஆரம்ப மீதி என்ன? 2022 ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டது. வற் வரியை, அதாவது சாமான் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டுகிற பெறுமதி சேர் வரியை, 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது 2019 டிசெம்பரில், முந்தைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ காலத்தில். இரசாயன உரத்துக்குத் தடை 2021இல். இதெல்லாம் ரணில் வருவதற்கு முன் நடந்தவை, அவர் கணக்கில் எழுத முடியாது. ஆனால் 2022 மே மாதத்திலேயே அவர் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் வந்துவிட்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வற் வரி ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. அந்த ஜனவரியில் அதுவரை விலக்கில் இருந்த சமையல் எரிவாயுவும் பெற்றோலும் டீசலும் வரிக்குள் வந்தன. இது முழுக்க அவர் கணக்கு.

பணவீக்கத்தைத்தான் இரண்டு பக்கமும் அதிகம் தூக்கிப் பிடித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. 2024 ஓகஸ்டில் 0.5. மேடையில் கேட்கிறவருக்கு இது விலை எழுபதிலிருந்து அரைக்கு இறங்கின மாதிரிக் கேட்கும். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறுகிற வேகம் குறைந்தது, அவ்வளவுதான், ஏறின விலை ஏறின இடத்திலேயே நிற்கிறது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கின சாமான் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 170 ரூபாய், அடுத்த இரண்டு வருடத்தில் அதற்கு மேல் இரண்டொரு ரூபாய்தான் கூடியது. நெருப்பை அணைத்தது பெரிய வேலை, அதை மறுக்கிறவன் நான் இல்லை. ஆனால் சம்பளம் ஏறாதவருக்கு அந்த 170 தினமும் கடைவாசலில் நின்றது.

மில்காரரிடம் அவருடைய கரண்ட் பில்களைக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாளே பொலித்தீன் பையில் சுருட்டிக் கொண்டுவந்தார், மிளகாய்த்தூள் மணத்தோடு. மின்கட்டணத்தின் சராசரி மாற்றங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். 2022 ஓகஸ்டில் 75 வீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் 66 கூட்டினார்கள், ஜூலையில் 14.2 குறைத்தார்கள், ஒக்டோபரில் 18 கூட்டினார்கள். 2024 மார்ச்சில் 21.9 குறைத்தார்கள், ஜூலையில் 22.5 குறைத்தார்கள். கடைசி இரண்டு குறைப்பையும் கேட்டால் 44 வீதம் இறங்கிவிட்டது போல இருக்கும். ஆனால் 100 ரூபாயில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கிக்கொண்டு போனால் 175, பிறகு 290, 2024 ஜூலையில் ஏறக்குறைய 178இல் வந்து நின்றது. அவருடைய பில்களில் அச்சொட்டாக 178 வரவில்லை, தொழிற்சாலைப் பிரிவுக்கு விகிதம் வேறு, ஆனால் திசை அதேதான். மாதம் 30 அலகுக்குள் பாவிக்கிற வீட்டுக்காரருக்கு இது இன்னும் கடுமை. அலகு 2.50 ரூபாய் கொடுத்தவர் 2023 பெப்ரவரியில் 30 ரூபாய் கொடுத்தார், 2024 ஜூலையில் 6 ரூபாய்க்கு வந்தார். 30க்கு ஐந்தில் ஒரு பங்கு என்று ஒருவர் சொல்லலாம், 2.50க்கு இரண்டு மடங்குக்கு மேல் என்று இன்னொருவர் சொல்லலாம், இரண்டும் பொய்யில்லை. மில்காரர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். "அப்ப குறைச்சது எண்டு சொன்னது?" என்று கேட்டார். குறைத்ததும் உண்மைதான் என்றேன்.

மாஸ்டரின் மகளுக்கு மாதச் சம்பளம் ஒன்றரை இலட்சம். 2022 வரை வருடத்துக்கு 30 இலட்சம் வரை வரி இல்லை, அவர் ஒரு சதமும் கட்டவில்லை. 2023 ஜனவரியிலிருந்து வரியில்லா எல்லை 12 இலட்சமாக இறங்கியது, அதற்கு மேல் 6 வீதத்தில் தொடங்கி 36 வரை படிப்படியாக. அவர் சம்பளச் சிட்டையில் மாதம் 3,500 ரூபாய் வெட்டு. அதே சம்பளத்தின் வாங்குசக்தியும் ஏற்கெனவே விலையேற்றத்தில் கரைந்துபோயிருந்தது.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அது எந்தச் சிட்டையிலும் தெரியாது என்பதால் என் மேசையில் நடந்த தேர்தல் வாதங்களில் வரவே இல்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு ஊழியர் சேமலாப நிதியைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். அரசு வாங்கின கடனுக்குக் கொடுத்த பத்திரங்களான பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்க வேண்டும், அவற்றுக்கு முதல் சில வருடம் 12 வீதம், பிறகு 9 வீதம் வட்டி. மறுத்தால் முறி வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீதம் வரி. கடைச் சிப்பந்தி, ஆடைத்தொழிற்சாலைப் பெண், தோட்டத் தொழிலாளி எல்லாருடைய முதுமைக் காசும் அதற்குள் இருக்கிறது. பள்ளத்தை வெட்டியது யார் என்பது ஒரு கேள்வி. அதை நிரப்ப மண்ணை யாருடைய வளவிலிருந்து அள்ளினார்கள் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு ரணிலிடம் நல்ல பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை என்பதுதான் கொப்பிகளைப் பார்க்கிற என்னுடைய தீர்ப்பு. எங்கள் கரையோர மீனவருக்கு மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. பிறகு இறங்கியது, ஆனால் பழைய விலைக்குத் திரும்பவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019இல் 11 வீதமளவில் இருந்த வறுமை 2023இல் 25.9 வீதம்.

மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் அது கணக்கில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2023 செப்டெம்பரில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் முறையே தேவையில்லாமல் போனது. 2022இல் பெற்றோல் லைனில் நின்று, மருந்து தேடிக் கடை கடையாக அலைந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மில்காரர் சொன்னதில் அந்த அனுபவம் முழுக்க இருந்தது, மாஸ்டர் அதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாதது எனக்குச் சரியாகப் படவில்லை.

செய்யாமல் விட்டதும் ஆட்சிக் கணக்கில் சேரும். 2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 ஓகஸ்ட் 22இல், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அந்த வெற்றிடம் மூன்று ஜனாதிபதிகளைத் தாண்டி வந்தது, ரணிலும் அதை நிரப்பவில்லை. இதற்குச் சுட்டெண் இல்லை என்பதாலேயே வடக்கில்கூட இது பேச்சில் பின்னால் போய்விட்டது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதல் எண்ணிக்கையில் ரணிலுக்குக் கிடைத்தது 17.27 வீதம், மூன்றாம் இடம். அநுர குமார திசாநாயக்க செப்டெம்பர் 23 பதவியேற்றார். மில்காரர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் அவர் கணக்குக் கொப்பியோடு வந்தபோது பழைய தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் புதியவரின் ஆரம்ப மீதியை எழுதித் தரச் சொன்னார். வற் வரி 18 வீதம். 30 அலகுக்குள் மின்சாரம் 6 ரூபாய். ஓகஸ்ட் பணவீக்கம் 0.5. மாகாண சபை இல்லை. திகதி போட்டுக் கொடுத்தேன், மில்லில் தராசுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.