பிரேக் போட்ட பிறகு வண்டி ஓடும் தூரம்

ஒரு கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது நொடிக்கு 10 மீட்டர். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 நொடியில் வண்டி நின்றுவிடும், அதற்குள் 10 மீட்டர் ஓடியிருக்கும். சரி, இப்போது அதே கார், அதே சாலை, அதே பிரேக். வேகம் மட்டும் 72 கிலோமீட்டர். நிற்க 4 நொடி ஆகும். நேரம் இரண்டு மடங்குதான். ஆனால் வண்டி ஓடும் தூரம் 20 மீட்டர் இல்லை, 40 மீட்டர்!

இதைவிடத் திடுக்கிட வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. மெதுவாக வந்த கார் முழுதாக நின்றுபோன அந்தப் பத்தாவது மீட்டரில், வேகமாக வந்த கார் இன்னும் மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். முதன்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். தப்பு இல்லை. முதல் 10 மீட்டரை அந்தக் கார் அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்துவிடுகிறது. அவ்வளவு நேரத்தில் பிரேக்கால் எவ்வளவு வேகத்தைக் குறைக்க முடியும்? ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடும் தூரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அப்படியானால் வேகம் இரட்டிக்கும்போது ஓடும் பொருளிடம் இருப்பது இரட்டிக்கிறதா, நான்கு மடங்காகிறதா? இந்தக் கேள்விக்காக ஐரோப்பிய அறிஞர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட்டின் வழிவந்தவர்கள் நிறையை வேகத்தால் பெருக்கினால் போதும் என்றார்கள். 1686-ல் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் அதை மறுத்தார். அவர் வாதம் எளிமையானது. 1 கிலோவை 4 மீட்டர் தூக்குவதும் 4 கிலோவை 1 மீட்டர் தூக்குவதும் ஒரே அளவு வேலைதான். அங்கிருந்து இரண்டையும் விழவிட்டால், 4 மீட்டரிலிருந்து விழுவது மற்றதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில்தான் தரையைத் தொடும். நிறையை வேகத்தால் பெருக்கினால் ஒன்றுக்கு 2, மற்றதற்கு 4. சமமாக வரவில்லை. வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இரண்டுக்கும் 4.

1720-களில் டச்சு அறிஞர் ஸ்கிராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் போட்டுப் பார்த்தார். நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வரும் எண் சமமாக இருந்தபோதெல்லாம் குழிகளும் சமமாக இருந்தன. அதற்கு முன் அவர் எதிர்க்கட்சியில் இருந்தவர். களிமண் சொன்னதைக் கேட்டுக் கருத்தை மாற்றிக்கொண்டார். 1740-ல் பிரெஞ்சு அறிஞர் எமிலி டு சாட்லே தன் இயற்பியல் நூலில் லைப்னிட்ஸின் பக்கம் நின்று வாதாடினார். விஞ்ஞான வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சண்டை இதுதான். ஏனென்றால் இரண்டு தரப்பும் உண்மையான ஒன்றைத்தான் பிடித்திருந்தன, ஆனால் வேறு வேறான ஒன்றை.

விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்று கேட்டால் கிடைப்பது உந்தம், அதாவது நிறை × திசைவேகம். எவ்வளவு தூரம் செயல்பட்டது என்று கேட்டால் கிடைப்பது வேலை. அந்த வேலை இயக்க ஆற்றலாகப் பொருளில் தங்குகிறது. அதன் அளவு நிறை × வேகத்தின் வர்க்கம், அதில் பாதி. முழு வித்தியாசமும் இந்த நேரத்துக்கும் தூரத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. பள்ளியில் இந்த இரண்டு சூத்திரங்களையும் வேறு வேறு பக்கங்களில் படிக்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் எத்தனை பேருக்கு இயற்பியல் பிடித்துப்போயிருக்கும்!

நம் காரின் நிறை 1000 கிலோ என்று கொள்வோம். பிரேக் பிடிக்கும்போது அதை நிறுத்தும் விசை 5000 நியூட்டன். வேகமாக வந்தபோது அந்த விசை 4 நொடி செயல்பட்டு 20,000 அளவு உந்தத்தை எடுத்தது. அதே விசை 40 மீட்டர் செயல்பட்டு 2,00,000 ஜூல் ஆற்றலை எடுத்தது. இவை எங்கே போயின? ஆற்றல் பெரும்பாலும் பிரேக் வட்டுகளில் வெப்பமாகிவிட்டது. உந்தம் வெப்பமாக மாறாது. டயர் சாலையை முன்னோக்கித் தள்ளியது, சாலை வழியாக அது பூமிக்கே போய்ச் சேர்ந்தது. பூமியின் நிறை அவ்வளவு பெரியது என்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

திறன் என்பது இதே ஆற்றல் எவ்வளவு சீக்கிரம் கைமாறுகிறது என்பதுதான். 2,00,000 ஜூல் 4 நொடியில் என்றால் சராசரியாக 50 கிலோவாட். மெதுவாக வந்த காருக்கு 50,000 ஜூல், 2 நொடி, ஆகவே 25 கிலோவாட்.

துப்பாக்கியில் இன்னும் துலக்கமாகத் தெரியும். 10 கிராம் குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டால், 4 கிலோ துப்பாக்கி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். இரண்டின் உந்தமும் அளவில் சமம், எதிரெதிர்த் திசை. ஆனால் குண்டின் ஆற்றல் 800 ஜூல், துப்பாக்கியின் ஆற்றல் வெறும் 2 ஜூல். இரண்டையும் தள்ளியது ஒரே விசை, ஒரே நேரம். அந்த நேரத்தில் குண்டு சுமார் 60 சென்டிமீட்டர் குழலைக் கடந்துவிட்டது. துப்பாக்கி நகர்ந்ததோ ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதனால்தான் சுடுபவருக்குத் தோளில் ஓர் இடி மட்டும். துப்பாக்கியைத் தோளோடு இறுக்கிப் பிடித்தால் உடலின் நிறையும் அதோடு சேர்ந்துகொள்ளும், பின்வாங்கும் வேகம் இன்னும் குறையும்.