கஃப் போனால் சட்டை போச்சா?

ஆல்டரேஷனுக்கு வருகிற முழுக்கைச் சட்டைகளை மேசையில் விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். முதுகுத் துணி நன்றாக இருக்கும், முன்பக்கம் நன்றாக இருக்கும், தோள் தையலில் ஒரு நூல்கூட விட்டிருக்காது. கையின் முனையில், மணிக்கட்டைச் சுற்றி வரும் பட்டையான கஃபின் ஓரம் மட்டும் இழை இழையாகப் பிரிந்து, விறைப்புக்காக உள்ளே வைத்த பக்ரம் துணி வெள்ளையாக எட்டிப் பார்க்கும். "அண்ணே, இதை வெட்டி அரைக்கையாக்கித் தந்திருங்க" என்பார்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் தக்கலை பக்கத்திலும் சரி, மார்த்தாண்டம் பக்கத்திலும் சரி, முழுக்கைச் சட்டைக்கு ஓய்வு கொடுக்கும் முறை இதுதான். வண்டியில் டயர் தேய்ந்தால் டயரைத்தான் மாற்றுகிறோம். சட்டைக்கு மட்டும் அந்த யோசனை வருவதில்லை.

தையல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், கஃப் தனி உறுப்பு. கழற்றலாம், மாற்றலாம், தேவைப்பட்டால் பட்டன் போட்டு மாட்டிக்கொள்கிற மாதிரியே தைக்கலாம். ஆனால் அதை முதல் நாளே, துணி வெட்டும்போதே கேட்க வேண்டும்.

கஃப் ஏன் முதலில் போகிறது? துணியை மடித்து, நடுவில் பக்ரம் வைத்து, திருப்பி அயர்ன் பண்ணும்போது அந்த மடிப்பு ஒரு விளிம்பாகிவிடுகிறது. மேசையில் கை வைத்து எழுதினாலும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் உரசல் முழுக்க அந்த விளிம்பில்தான். இடது கையில் ஸ்டீல் செயின் வாட்ச் கட்டுகிறவர்களுக்கு இடது கஃப் சீக்கிரம் போகும். நிறையப் பேருடைய சட்டையில் இரண்டு கஃபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அவர் எந்தக் கையில் வாட்ச் கட்டுகிறார் என்று சொல்லிவிடலாம்.

உடுத்துவதால் வரும் தேய்மானம் பாதிதான், மீதி துவைகல்லில் நடக்கிறது. நம்மூர் வியர்வைக்கு கஃபிலும் காலரிலும் அழுக்கு வரியாகப் படியும். அதைப் போக்க பார் சோப்பைத் தேய்த்து, பிரஷை எடுத்து, மடிப்பின் மேலேயே பலமாக இழுப்போம். பிரஷின் முள் ஒவ்வொரு முறையும் இழைகளை அறுக்கிறது. அழுக்கு உள்ள இடத்தில் சோப்பு தடவி அரைமணி நேரம் வைத்துவிட்டுக் கையால் கசக்கினாலே போதும். இதைச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்பதில்லை, என் வீட்டிலும்தான்.

இந்தப் பிரச்சினைக்கு ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஒரு பெண் வழி கண்டுபிடித்தார். நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்ற ஊர். ஹன்னா மாண்டேகு என்பவர் 1827-இல், கணவரின் சட்டையில் காலர் மட்டும்தான் அழுக்காகிறது, அதற்காக முழுச் சட்டையையும் துவைப்பானேன் என்று அலுத்துப்போய், காலரை வெட்டித் தனியாகத் துவைத்து மறுபடி மாட்டினார் என்று சொல்வார்கள். அது வியாபாரமாகி, டிராய்க்கு 'காலர் நகரம்' என்றே பெயர் வந்துவிட்டது. காலர் வந்த வழியில் கஃபும் வந்தது. கைமுனையில் ஒரு மெல்லிய பட்டி மட்டும் இருக்கும். கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைக்க வைத்த கஃபை அதன் மேல் செருகி, ஸ்டட் என்கிற கழற்றும் பொத்தானால் மாட்டுவார்கள். ஒரு ஓரம் அழுக்கானால் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் கஃபும் உண்டு.

முதலில் லினன் துணி. பிறகு துவைக்கவே வேண்டாம் என்று காகிதத்தில் வந்தது. காகிதக் காலருக்கு 1854-இல் காப்புரிமை வாங்கியவர் வால்டர் ஹண்ட், நாம் குத்துகிற சேஃப்டி பின்னைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அதற்குப் பின் செல்லுலாய்டு கஃப் வந்தது. ஈரத்துணியால் துடைத்தாலே சுத்தம், மழையில் நனைந்தாலும் விறைப்பு போகாது. மாதச் சம்பளக் குமாஸ்தாக்களுக்குப் பெரிய வரம். ஒரே குறை, அது தீப்பிடிக்கும். வெடிமருந்துக்கு உறவான நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள் பின்னே எப்படி இருக்கும்!

முதல் உலகப் போருக்குப் பிறகு விறைப்புக் காலரும் கஃபும் மெல்ல மறைந்தன. மென்மையான காலர் வைத்த சட்டையைப் போட்டுப் பழகிய ஆண்கள் பழைய அட்டைக்குத் திரும்பவில்லை, வீடுகளில் துவைக்கும் இயந்திரமும் வந்துகொண்டிருந்தது. டிராயில் காலர் செய்துகொண்டிருந்த கிளூயெட் பீபாடி நிறுவனத்தின் 'ஆரோ' இன்று நம்மூர் ஷோரூம்களிலும் தொங்குகிற பெயர்தான். அந்த நிறுவனத்தின் சான்ஃபோர்டு கிளூயெட் 1930-இல் காப்புரிமை பெற்றதுதான் துணியை முன்கூட்டியே சுருக்கும் முறை. பழைய துணிகளின் ஓரத்தில் 'சான்ஃபோரைஸ்டு' என்று அச்சடித்திருப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அது இந்த சான்ஃபோர்டின் பெயர்தான். சுருக்கத்தைப் பற்றி இந்தத் தொழிலில் இவ்வளவு கவலைப்படுவது ஏன் என்று கீழே வரும்.

கழற்றி மாட்டும் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை கோர்ட் வாசலில் நின்றால் வக்கீல்களின் கழுத்தில் 'பேண்ட்' என்கிற வெள்ளைத் துணிப் பட்டை தொங்கும். அது தனி உருப்படி, தனியாகத் துவைப்பது. வெள்ளைச் சட்டையோடு விறைப்பான அல்லது மென்மையான வெள்ளைக் காலரையும் பார் கவுன்சில் விதி சொல்கிறது. அருட்தந்தையர், போதகர்கள் கழுத்தில் தெரியும் வெள்ளைப் பட்டையும் கழற்றி மாட்டுவதுதான். அங்கி தைக்கிற கடைக்காரர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல.

இங்கே லேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், இங்குள்ள பெண்களுக்குக் கைப்பின்னல் லேஸ் சொல்லிக்கொடுத்தார். ஐரோப்பாவில் அந்த மாதிரி லேஸ், காலராகவும் கஃபாகவும் உடையின் மேல் லேசாகத் தைத்துப் போட்டுக்கொள்ளும் பொருள். துணியைவிட லேஸ் விலை அதிகம், அதனால் உடையைத் துவைக்கும்போது அதைப் பிரித்தெடுத்துவிட்டு, வேறு உடையில் வைத்துத் தைப்பார்கள். இன்று விலை கொடுத்து வாங்கிய லேஸைச் சுடிதார் கையில் இரட்டைத் தையலாகப் போட்டு, சுடிதாரோடு சேர்த்துத் தூக்கி எறிகிறோம்.

சரி, இன்றைக்கு ஒரு முழுக்கைச் சட்டைக்குக் கழற்றும் கஃப் எப்படி வைப்பது? நான் தைக்கும் முறையைச் சொல்கிறேன், உங்கள் டெய்லரிடம் காட்டுங்கள்.

கையின் முனையில் முக்கால் இஞ்ச் அகலத்தில் ஒரு உள்பட்டி. கையில் வரும் இரண்டு ப்ளீட்டும் (மடிப்பும்) இந்தப் பட்டிக்குள் அடங்கிவிட வேண்டும். பட்டிக்கு மெல்லிய பாப்ளின் போதும், பக்ரம் வைக்கக் கூடாது, வைத்தால் மணிக்கட்டில் தடித்துப்போய் வாட்ச் கட்ட முடியாது. இந்தப் பட்டியில் நீளவாக்கில் ஐந்து காஜா, அதாவது பட்டன் துளை. கஃபைத் தனியாக, இரண்டரை இஞ்ச் உயரத்தில், மேல்பக்கம் மட்டும் மூடாமல் தைக்க வேண்டும், அதாவது வெளித்துணியும் உள்துணியும் மேல் ஓரத்தில் சேராது, தனித்தனியாக மடித்துத் தைத்திருக்கும். சட்டைப் பட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் நுழைகிறது. உள்துணியில், பட்டியைப் பார்க்கும் பக்கத்தில், ஐந்து தட்டையான சின்ன பட்டன். வெளித்துணியைத் தூக்கிவிட்டு பட்டனைக் காஜாவில் மாட்டி, மறுபடி கீழே விட்டால் வெளியே எதுவும் தெரியாது. பட்டன் நடுவில் மறைந்திருப்பதால் தோலிலும் உரசாது. வெளித்துணி கிளம்பி நிற்காமல் இரண்டு முனையிலும், அழுத்தினால் மூடிக்கொள்ளும் டிச் பட்டன் ஒவ்வொன்று. அப்புறம் கஃபின் சொந்த பட்டன், அது பட்டிக்குக் கீழே இருக்கும் பகுதியில் வர வேண்டும். அதைப் பட்டியின் மேலேயே வைத்துவிட்டால் மூன்று அடுக்கும் சேர்ந்து புடைத்துக்கொண்டு நிற்கும்.

வாட்ச் கட்டும் கைக்கு கஃப் சுற்றளவு கால் இஞ்ச் கூடுதலாக வேண்டும். அதனால் இடது, வலது என்று உள்ளே ஒரு நூல் அடையாளம் போட்டுவிடுங்கள், துவைத்து எடுத்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். உள்பட்டிக்கும் தனியாக ஒரு சின்ன பட்டன் வைத்தால், கஃப் இல்லாமலும் சட்டையைப் போடலாம், கை இரண்டு இஞ்ச் ஏறி நிற்கும், அவ்வளவுதான். ரப்பர் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது வசதி. ரப்பர் பால் துணியில் காய்ந்துவிட்டால் பிறகு போகவே போகாது.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. கஃபை அடிக்கடி துவைப்போம், சட்டையைக் குறைவாகத் துவைப்போம், கொஞ்ச நாளில் கஃப் வெளிறிப்போகும். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது ஒரு வழி. இல்லையென்றால் நிறச் சட்டைக்கு வெள்ளைக் கஃபும் வெள்ளைக் காலருமாக வைத்துவிடலாம். நீலச் சட்டையில் வெள்ளைக் காலர் வைக்கும் ஃபேஷனே கழற்றி மாட்டிய காலத்திலிருந்து வந்ததுதான்.

கஞ்சி விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு டிராய் வழக்கம் சரிப்படாது. இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. சோற்றுக் கஞ்சியோ மரச்சீனி மாவுக் கஞ்சியோ போட்டு விறைக்க வைத்த வெள்ளைத் துணி, ஈரக்காற்றில் அலமாரியில் கிடந்தால் கரும்பன் அடித்துவிடும். பூஞ்சைக்குக் கஞ்சிதான் சாப்பாடு. கரப்பானுக்கும் அப்படியே. மழைக்காலத்தில் கஃபைக் கஞ்சி போடாமல் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மடித்து வையுங்கள். போடுகிற நாளில் ஸ்டார்ச் ஸ்ப்ரே அடித்து அயர்ன் பண்ணினால் போதும்.

பக்ரம்தான் கஃபின் உயிர். ஒட்டும் பக்ரத்தில் சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கடையில் சாதாரண அயர்ன் பெட்டியால் அவசரமாக ஒட்டினால் அங்கங்கே பிடிக்காமல் போய், இரண்டு மூன்று துவைப்பில் கொப்புளம் கிளம்பும். துணி தண்ணீரில் சுருங்கி பக்ரம் சுருங்காவிட்டாலும் இதே கொப்புளம்தான், பக்ரம் சுருங்கி துணி சுருங்காவிட்டால் ஓரம் உள்ளே சுருளும். கழற்றும் கஃபில் இது இன்னும் மோசம். கஃப் அரை இஞ்ச் சுருங்கினால் பட்டனும் காஜாவும் நேருக்கு நேர் வராது. ஆகவே துணி, உள்பட்டித் துணி, ஒட்டாத பருத்தி பக்ரம் மூன்றையும் வெட்டுவதற்கு முன்பு ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துங்கள். பக்ரத்தை ஒட்டாமல் வைத்துத் தைப்பது எனக்குப் பிடித்த முறை. வேலை கூடுதல், ஆனால் கொப்புளம் வராது.

டிச் பட்டன் வாங்கும்போது ஒரு கவனம். மலிவான உலோக பட்டன்களில் நிக்கல் கலந்திருக்கும். நிக்கல் ஒவ்வாத தோல் உள்ளவர்களுக்கு வியர்வையோடு அது பட்டால் மணிக்கட்டில் அரிப்பும் தடிப்பும் வரும். வாட்ச் பின்பக்கமோ கவரிங் நகையோ பட்டு ஏற்கெனவே அரித்தவர்கள் பிளாஸ்டிக் பட்டன்தான் போட வேண்டும்.

நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. பழைய பிரிட்டிஷ் நர்ஸ் உடையில் விறைப்பான வெள்ளைக் கஃப் இருந்தது, கையை மடித்து வேலை பார்க்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். இப்போது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே துணியும் வாட்சும் கூடாது என்கிறார்கள், 2007-இல் வந்த வழிகாட்டுதல். நோயாளியைத் தொடும் வேலைக்கு முழுக்கை யூனிபார்ம் தைக்கக் கேட்டு யாராவது வந்தால் நான் இதைச் சொல்லிவிடுவேன்.

இவ்வளவு வேலைப்பாடு எல்லோருக்கும் தேவையில்லை என்பதும் உண்மை. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் முழுக்கை போடுகிறவருக்குச் சாதாரண கஃபே போதும். தினமும் போடுகிறவர்கள், அதாவது பேங்க், இன்சூரன்ஸ், மெடிக்கல் ரெப், வக்கீல், இவர்கள் குறைந்தபட்சம் ஒரு ஜோடி கஃபும் ஒரு காலரும் உபரியாக வெட்டி வாங்கி வையுங்கள். கஃப் துண்டு ஒவ்வொன்றும் பத்தரை இஞ்ச் நீளம், மூன்றரை இஞ்ச் அகலம், மொத்தம் நாலு. நீளம் பாவு நூல் (துணியின் நீளவாக்கு நூல்) போகும் திசையில் வர வேண்டும், அப்போதுதான் இழுபடாமல் நிற்கும். 36 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் வழக்கமான அளவோடு 30 சென்டிமீட்டர் கூடுதலாக எடுத்தால் கஃப் போக மிச்சத்தில் காலரும் விழும். வெட்டிய துண்டுகளை வீட்டில் மூட்டை கட்டி வைக்காமல், சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் சேர்த்துத் துவையுங்கள். இரண்டு வருஷம் கழித்து மாற்றும்போது நிறம் ஒத்துப்போகும்.

உபரித் துணி எடுத்து வைக்காமல், தேய்ந்த சட்டையோடு வருகிறவர்களிடம் சில கடைகளில் "கஃபைப் புரட்டித் தைத்துவிடலாம்" என்பார்கள். காலரைப் புரட்டலாம், ஏனென்றால் காலர் கழுத்துப் பக்க மடிப்பில் ஒரு முகம் மட்டும்தான் தேய்கிறது, மறுமுகம் நன்றாக இருக்கும். கஃப் கீழ் விளிம்பில் தேய்கிறது. விளிம்பு இரண்டு முகத்துக்கும் பொது, புரட்டினாலும் கிழிசல் அங்கேயேதான் இருக்கும். அதற்குப் பதில் கஃபைப் பிரித்து, தேய்ந்த ஓரத்தைக் கால் இஞ்ச் வெட்டிவிட்டு உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். கை கால் இஞ்ச் குட்டையாகும், யார் கண்ணுக்கும் தெரியாது. சட்டையை எப்போதும் பேன்ட்டுக்குள் விடுகிறவர் என்றால், பின்பக்கக் கீழ்ப்பகுதியிலிருந்து துணி எடுத்துப் புதுக் கஃபே வெட்டலாம், அந்த இடத்தில் வேறு வெள்ளைத் துணி ஒட்டுப் போட்டுவிடலாம். எந்த வழியானாலும் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிரிக்கிற வேலைக்கு நேரம் அதிகம் என்பதால், சட்டையைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே வேண்டும் என்று நிற்காதீர்கள். முக்கியமாக கிறிஸ்துமஸ், ஓணம் சமயத்தில் இந்த வேலையைக் கொண்டுவராதீர்கள், எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள்.