சொல்லக் கூடாத ஐந்து சொற்கள்

ஒரு மாணவர் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். பலகையில் ‘குடை’ என்று எழுதியிருக்கிறது. அவருடைய அணியினர் அந்தச் சொல்லை உச்சரிக்காமலே அதை அவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். மொழி ஆசிரியர்கள் ‘ஹாட் சீட்’ என்று சொல்லும் ஆட்டம் இது. 1989இல் வெளிவந்த ‘டபூ’ சீட்டு விளையாட்டில் இன்னொரு கெடுபிடியும் உண்டு. விடைக்குக் கீழே அச்சிட்டிருக்கும் ஐந்து சொற்களையும் சொல்லக் கூடாது. சொன்னால் எதிரணி மணியடித்துவிடும்.

குடைக்கு மழை, வெயில், நனை, கம்பி, கறுப்பு ஆகியவை தடை என்று வைத்துக்கொள்வோம். நம் மனதில் சொற்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கவில்லை. பொருளாலும் பழக்கத்தாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைத் தொட்டால் அக்கம்பக்கத்துச் சொற்களும் விழித்துக்கொள்ளும். 1975இல் காலின்ஸ், லாஃப்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. ‘மழை’ என்றாலே பாதிப் பேர் ‘குடை’ என்று கத்திவிடுவார்கள். அந்தக் குறுக்குவழியைத்தான் தடைச்சொற்கள் அடைக்கின்றன. அப்புறம் சுற்றுவழிதான்: “ஆடிக் காற்றில் பிடித்தால் மேல்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்”, “பஸ்ஸில் மறந்து விட்டுவிட்டு வருவோம்”. ஒரு பெயர்ச்சொல்லுக்காக வினையெச்சம், வேற்றுமை உருபு, நிபந்தனை வாக்கியம் எல்லாம் வெளியே வந்தாகிவிட்டது.

இதனால்தான் ஊகிப்பவரைவிடக் குறிப்புக் கொடுப்பவருக்கே லாபம் அதிகம் என்பேன். கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே படித்த ஆங்கிலம் பேசும் குழந்தைகளை மெரில் ஸ்வெயின் என்ற மொழியியல் ஆய்வாளர் ஆராய்ந்தார். பல ஆண்டுகள் கேட்டும் படித்தும் மொழி நன்றாகப் புரிந்தது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. புரிந்துகொள்வது மட்டும் போதாது, சிரமப்பட்டாவது பேசியாக வேண்டும் என்று 1985இல் அவர் வாதிட்டார்.

ஊகிப்பவரும் சும்மா இல்லை. நினைவிலிருந்து தோண்டி எடுக்கிறார். 2008இல் கார்பிக்கே, ரோடிகர் என்ற உளவியலாளர்கள் 40 ஸ்வாஹிலிச் சொற்களை வைத்துச் சோதித்தார்கள். சரியாகச் சொன்ன சொற்களையும் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தவர்களுக்குச் சுமார் 36 சதவீதம்தான்.

பத்துப் பேர் கொண்ட அணியில் இதெல்லாம் நடக்காது. இரண்டு பேர் கத்துவார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நான்கு பேர் போதும். புதுச்சொல் அறிமுகத்துக்கும் இது தோதுப்படாது. தெரியாத சொல்லை எங்கிருந்து தோண்டுவது?

சரி, ‘நுனி நாக்கில் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது’ என்று ஒருவர் திணறினால்? பொருள் பிடிபட்டு, ஒலி மட்டும் சிக்காத நிலை அது. வாரினர், ஹம்ப்ரீஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சிக்கியவர்களைச் சில சொற்களுக்கு 10 விநாடியும் சில சொற்களுக்கு 30 விநாடியும் திணறவிட்டுத்தான் விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, கூடுதல் நேரம் திணறிய சொற்களிலேயே மறுபடி அதிகம் சிக்கினார்கள். திணறலும் பழக்கமாகிவிடுகிறது போல. அதனால் மணற்கடிகாரம் ஓடி முடியட்டும் என்று காத்திருக்காமல் முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கலாம். அப்போதும் வரவில்லை என்றால் விடையைச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுப்பது நல்லது.